மூடிக்கு அடியில் ஒரு விரல்

சினிமாவில் கதாநாயகி நடந்து வருவாள். தரையில் செருப்புச் சத்தம் கேட்கும். அது அவளுடைய காலடிதான் என்று நாமும் நம்பிக்கொண்டு பார்ப்போம். நம்மை நம்ப வைப்பதற்கென்றே ஒரு கூட்டம் பிழைப்பு நடத்துகிறது. படம்பிடிக்கும் இடத்தில் பதிவாகிற சத்தத்தில் பாதி, யாரோ இருமுவதும் எவனோ ஒயரை இழுப்பதும்தான். அதையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டு, பிறகு ஒரு மூடிய அறைக்குள் வேறொருத்தி பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அந்தக் கதாநாயகிக்காக நடந்து கொடுப்பாள். நடை மட்டுமா? துணி உரசுவது, சாவி விழுவது, தண்ணீர் குடிப்பது, தலையணையில் முகம் புதைப்பது எல்லாம் அவள் கை வேலை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவள் பெயரும் வரும். அதற்குள் ஜனங்கள் எழுந்து வண்டியை எடுக்கப் போயிருப்பார்கள்.

நம்முடைய கதை அப்படி ஒருத்தியைப் பற்றியது. ஸ்டுடியோவில் அவளுக்கு 'ஒரே டேக்' என்று பட்டப்பெயர். எந்தக் காட்சியைக் கொடுத்தாலும் ஒரே தடவையில் முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று கேட்பாள். முகம் சுளிக்க மாட்டாள், சோர்ந்து உட்கார மாட்டாள். அழுகைக் காட்சியோ அடிதடியோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். இரும்பு மனுஷி என்று பேர் வாங்கியிருந்தாள்.

இதைக் கேட்டால் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஏனென்றால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. அது நீளமாக இருக்கிறது என்று சிணுங்கி ஆக்கினார்கள். தட்டில் கரண்டி உரசினால் காதைப் பொத்திக்கொள்வாள். பலூன் வெடித்தால் காய்ச்சல் வரும். பக்கத்து வீட்டுக் குழந்தையை யாராவது அடித்தால் இவள் அழுவாள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. பூனை மாதிரி பின்னால் வந்து கையைத் தட்டிவிட்டு, அவள் துள்ளி விழுவதைப் பார்த்து ரசிப்பார்கள். பெரிய மனிதர்கள் செய்கிற வேலையா அது? செய்தார்கள்.

அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். சிரிக்க மாட்டாளே தவிர, திட்டுவாள். "தோலைக் கழட்டி வெச்சுட்டுப் பொறந்தவ மாதிரி இருக்கே. எப்படித்தான் பொழைக்கப்போறியோ" என்பாள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மாவையும் தங்கையையும் சேர்த்து இழுக்கிற பாரம் அக்கா தலையில் விழுந்தது. அவளுக்கும் தங்கைக்கும் வயது வித்தியாசம் அதிகம். நூல் ஆலையில் காலை ஷிஃப்ட். விடிகிறபோதே எழுந்து சமைத்து, டப்பாவில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து ஓடவேண்டும். இயந்திரங்களுக்கு நடுவில் கத்திப் பேசிப் பழகியதால் அவள் குரல் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் தெருவுக்கே தெரியும். சமாதானமாகப் பேசினாலும் சண்டை போடுவது போலத்தான் இருக்கும். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது.

அந்த அக்கா சிணுங்கியிடம் பேசிப் பல வருஷமாகிவிட்டது.

அம்மா படுக்கையில் விழுந்து கடைசி நாட்களில் இருந்த சமயம். மூச்சு ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் எதையோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். அந்தச் சத்தத்தைச் சிணுங்கியால் தாங்க முடியவில்லை. மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி வீட்டைவிட்டு வெளியே வந்தவள், கடையைத் தாண்டி நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். எங்கேயோ ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். எல்லாம் முடிந்திருந்தது.

கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அக்கா கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவள் குரல் உயரவே இல்லை. "உனக்கு வலிக்கும்னு நீ போயிட்டே. எனக்கு வலிக்காதுன்னு யார் சொன்னது?"

சிணுங்கி வேறு தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். பிறகு வேறு ஊர். தன்னிடமிருக்கிற அந்த மெல்லிய தோல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று முடிவு கட்டிக்கொண்டாள். இனிமேல் எதுவும் உள்ளே இறங்கக் கூடாது. வேலையையும் அப்படியே பழகினாள். திரையில் நடிகையின் தோள் அசைவதைப் பார்ப்பாள், அதற்குச் சரியாகக் காலை வைப்பாள், அவ்வளவுதான். அந்தப் பெண் எதற்காக நடக்கிறாள், எங்கே போகிறாள் என்பது அவளுக்குத் தேவையில்லாத விஷயம். இப்படித்தான் 'ஒரே டேக்' பிறந்தாள்.

ஆனால் மனசு என்பது சொன்ன பேச்சைக் கேட்கிற பிராணி இல்லையே. எப்போதாவது, வேலை இடைவேளையில், படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவின் எண்ணுக்குப் போன் போடுவாள். அக்கா எடுத்து "யாரு" என்பாள். இவள் வாயைத் திறக்க மாட்டாள். பின்னால் மின்விசிறி சுற்றுவது கேட்கும். தெருக் கதவு காற்றில் ஆடுவது கேட்கும். அந்த வீட்டை அப்படியே காதால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். அக்கா இன்னொரு தடவை "யாரு" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அந்த இரண்டு 'யாரு'க்கு நடுவில் கிடைக்கிற நேரத்துக்காக இவள் வாரக்கணக்கில் ஏங்கிக் கிடப்பாள். வெட்கமாக இருக்கும். ஆனாலும் விட முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் நெட்டையன் வந்து சேர்ந்தான். டைரக்டராக அவனுக்கு இது முதல் படம். உயரமோ உயரம்; ஸ்டுடியோக் கதவில் தினம் ஒரு முறையாவது தலையை இடித்துக்கொள்வான். உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவன் படத்தில் ஒரு காட்சி. ஒரு சின்னப் பெண் போர்வைக்குள் படுத்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் தூங்குவது போல் பாசாங்கு. முந்தின நாள் அக்காவோடு சண்டை. பக்கத்து அறையில் அக்கா சமைத்து முடித்துப் புறப்படுகிறாள். அன்றைக்குப் போகிறவள் திரும்பி வரப்போவதில்லை. கேமரா அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தை விட்டு நகராது. அக்காவைக் காட்டவே மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அக்கா கிடைக்கப்போவது காது வழியாகத்தான்.

கேட்கும்போதே ஒரே டேக்குக்குத் தன் வீடு ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் இரும்பு மனுஷி அதை வெளியே காட்டுவாளா? பாத்திரங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். கத்தியால் நறுக்கினாள். மூடியை வைத்தாள், கரண்டியை வைத்தாள், பையை எடுத்தாள், கதவைச் சாத்தினாள். வழக்கம் போல ஒரே மூச்சு. எந்தத் தோளைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. திரையில் ஆளே இல்லையே.

நெட்டையன் கேட்டுப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். நல்ல பையன், யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது. "எல்லாம் இருக்கு மேடம். ஆனா அந்த ரூம்ல ஆள் இல்ல" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. மறுபடியும் செய்தாள். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பாத்திரம், இன்னும் கொஞ்சம் வேகம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பதிவு செய்கிற என்ஜினியர், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற மனிதர், வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, இப்போது கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி இருக்கிறது என்று மைக்கில் அபிப்பிராயம் சொன்னார். ஏற்கெனவே பதிவு செய்த சமையல் சத்தம் கையிருப்பில் நிறையவே இருக்கிறது, அதிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் என்றும் சொன்னார். நெட்டையன் ஒத்துக்கொள்ளவில்லை.

தனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, இருந்திருந்தால் எப்படி வேண்டும் என்று தானே சொல்லியிருப்பேன் என்றான். பிறகு தயங்கித் தயங்கி, அவளுக்கு அக்கா உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள். காலையில் அவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று கேட்டான். மறந்துபோய்விட்டது என்றாள். பச்சைப் பொய். அவளுக்கு மறந்துபோன சத்தம் என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. அதுதானே அவளுடைய தலைவலியே.

அன்றைக்கு வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒரே டேக்கின் சரித்திரத்தில் அது நடந்ததே இல்லை. படிக்கட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா எடுத்தாள். பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம். "யாரு" என்றாள். கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது "யாரு" வந்தது. வைத்துவிட்டாள். வைத்தபிறகும் இவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்கு வந்ததும், பாத்திரங்களைச் சூடு பண்ண வேண்டும் என்றாள்.

இந்தத் தொழிலில் யாரும் பாத்திரத்தைச் சூடு பண்ண மாட்டார்கள். மைக்குக்குச் சூடு தெரியுமா என்ன? காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டுதான் பத்துப் பேருக்குச் சமைப்பார்கள். என்ஜினியர் பதறினார். விலை உயர்ந்த மைக், ஆவி பட்டால் போய்விடும், அதற்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்தார். அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கேன்டீனிலிருந்து ஒரு மின்சார அடுப்பு வந்தது. பானையில் தண்ணீர் கொதித்து ஆவி மேலே எழும்பியதும், அடுப்பின் இரைச்சல் மைக்கில் விழாதபடி அதை அணைக்கச் சொன்னாள். திரையையும் அணைத்துவிடச் சொன்னாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்த கதவை விட்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய வீட்டுக் காலைகள் எல்லாம் மடமடவென்று உள்ளே வந்தன. போர்வை வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. ஊருக்கே கேட்கிற அக்கா, காலையில் அந்த அறையில் மட்டும் எப்படி இருப்பாள்? குழாயை முழுக்கத் திறக்க மாட்டாள். நூல் மாதிரி விட்டு, தண்ணீரைப் பாத்திரத்தின் பக்கச் சுவரோடு இறக்குவாள். கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள், துணி மேல் வைப்பாள். மூடிகள்? அந்த வீட்டில் மூடி 'ணங்' என்று விழுந்து அவள் கேட்டதே இல்லை. 'தப்' என்று ஒரு மொட்டைச் சத்தம். அதோடு சேர்ந்தாற்போல் 'ஸ்' என்று அக்கா வாயிலிருந்து வரும். அந்த 'ஸ்' அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கேட்டது. அக்காவுக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தான் ஒருத்தி வேலை செய்து சாக, இவள் மகாராணி மாதிரி படுத்துக் கிடக்கிறாளே என்கிற எரிச்சல். அதைக் கேட்டதும் சிணுங்கி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள்.

இப்போது அந்த 'தப்'பை உண்டாக்க வேண்டும். மூடியை மெதுவாக இறக்கிப் பார்த்தாள். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் உலோகம் உலோகத்தைத் தொடும்போது ஒரு 'ணங்' வந்தது. துணியைக் கொடுத்துப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் போனது, அதுவும் சரியில்லை. சாய்த்து வைத்தாள், வழுக்கிவிட்டாள். ஊகூம். கடைசியில், ஏதோ கை தானாகப் போனது போல, பானையின் விளிம்பில் ஆட்காட்டி விரலை வைத்து, விரலின் மேல் மூடியை இறக்கி, பிறகு விரலை மெல்ல உருவினாள்.

'தப்.'

அதே சத்தம். மயிரிழை மாறாமல் அதே சத்தம். கூடவே கொதிக்கிற ஆவி விரலைச் சுட்டது. "ஸ்" என்றாள்.

தன் வாயிலிருந்து வந்த சத்தத்தைத் தானே கேட்டாள். அப்படியே நின்றாள்.

எரிச்சல் இல்லை அது. சூடு. தங்கைக்குப் பாத்திரச் சத்தம் ஆகாது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்துவிடுவாள் என்பதற்காக, ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் அக்கா விரலைக் கொடுத்திருக்கிறாள். சோற்றுப் பானைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று. தினமும். அக்காவின் அந்த விரல் நுனி காய்ந்து தடித்திருக்கும். முகம் கழுவிவிடும்போது கன்னத்தில் கீறும். "உன் விரல் குத்துது, நீ தொடாத" என்று இவள் எத்தனையோ தடவை தட்டிவிட்டிருக்கிறாள். அக்கா கையை எடுத்துக்கொண்டு, மகாராணிக்கு இதுவும் வலிக்குமோ என்று திட்டிவிட்டுப் போவாள்.

ஸ்டுடியோவில் நின்றுகொண்டு இரும்பு மனுஷி அழுதாள். என்ஜினியர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பதிவை மட்டும் நிறுத்தவில்லை, புண்ணியவான். அவளும் வேலையை விடவில்லை. முன்பெல்லாம் இப்படி ஏதாவது உள்ளே புகுந்தால், முகத்தைக் கழுவிக்கொண்டு, மரத்துப்போன பிறகுதான் திரும்பி வருவாள். இந்தத் தடவை கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. அது பாட்டுக்கு வழிய, அடுத்த மூடிக்கும் விரலைக் கொடுத்தாள். குழாயை நூலாக விட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் துணியில் சுற்றினாள். பையின் ஜிப்பைப் பல் பல்லாக இழுத்தாள். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் சும்மா நின்றாள். அக்கா தினமும் அங்கே கொஞ்ச நேரம் நிற்பாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாளாக இருக்கும். அப்புறம் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கினாள்.

நெட்டையன் அதைக் கேட்டபோது அவன் கால் ஆடவில்லை. முடிந்ததும், அந்த 'ஸ்'ஸை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். "வலிக்குது மேடம்" என்றான். எனக்கும்தான் என்றாள் அவள். அதைச் சொல்வதற்கு அவளுக்கு அன்றைக்கு வெட்கமாக இல்லை.

எல்லோரும் கேலி செய்த அந்தத் தோலும் அந்தக் காதும் இல்லாவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் சுடுவது யாருக்குக் கேட்டிருக்கும்? காது கேட்டுத்தான் வைத்திருந்தது. அதன் அர்த்தத்தைப் பார்க்க விடாமல், வலிக்குமே என்று பயந்து, இவள்தான் மூடி வைத்திருந்தாள். கையில் விளக்கை வைத்துக்கொண்டு, கண் கூசுகிறது என்று அதன் மேல் துணியைப் போட்டுவிட்டு, இத்தனை வருஷம் இருட்டில் தடவியிருக்கிறாள். அசடு. இனி அந்தத் துணி வேண்டாம்.

இதெல்லாம் சரி. நாளைக்கு ஊர் ஊராகத் தியேட்டரில் உட்கார்ந்து ஜனங்கள் அந்த 'ஸ்'ஸைக் கேட்பார்கள். யாரோ ஓர் அக்காவுக்காகக் கண் கலங்குவார்கள். சொந்த அக்கா மட்டும், தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக மூடியை மூடிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வார விடுமுறையில் பஸ் ஏறிவிட்டாள். கதவை முகத்தில் சாத்தினால்? சாத்தட்டும். சாத்துகிற சத்தத்தையாவது நேரில் கேட்டுவிட்டு வரலாம்.

அக்கா கதவைத் திறந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. மேலும் கீழும் பார்த்தாள். "போன் பண்ணி மூச்சு மட்டும் விடுறவதானே? உள்ள வா" என்றாள். குரல் அதே குரல். எதிர் வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சிணுங்கி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மாவின் கட்டில் அதே இடத்தில் கிடந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கா சுவரோரம் நின்றுகொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் காற்றில் போயிற்று. மூடிக்கு அடியில் அக்கா விரலை வைப்பது இப்போதுதான் தனக்குத் தெரிந்தது என்று, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் சொன்னாள்.

அக்கா தன் விரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டாள்.

"இல்லக்கா. அன்னைக்கு நான் போனதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"கேட்டா தாங்க மாட்டே."

"தாங்க மாட்டேன்தான். அழுவேன். ஆனா எழுந்து போக மாட்டேன்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது இதுதான்.

கண் பார்வை மங்கிய பிறகு அம்மாவுக்குக் காதுதான் எல்லாமாக இருந்தது. தெருவில் போகிறவர்களை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கும் அந்த மூச்சுக்கு நடுவில், சிணுங்கி வந்தாளா, சிணுங்கி வந்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று அக்காவும் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்து பார்த்தாள். தங்கை வருகிற வழியாக இல்லை. அம்மாவின் மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. இதற்கு மேல் காத்திருக்க நேரமில்லை என்று தெரிந்துபோயிற்று.

"நீ அவசரத்துல என் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிட்டே. உன்னோடது வாசல்லயே கிடந்துச்சு" என்றாள் அக்கா. "அதை எடுத்து மாட்டிக்கிட்டேன். கேட்டைத் திறந்து, உன்னை மாதிரியே நடந்து வந்தேன். காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடப்பியே, அந்த மாதிரி. பேசினா தெரிஞ்சுடும்னு வாயைத் திறக்கல. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

அம்மாவின் முகம் தெளிந்ததாம். சிணுங்கி, வந்துட்டியா என்றாளாம். பிறகு, அக்காவுக்கு யாரும் இல்லை, எல்லாத்தையும் உள்ளயே வெச்சுப்பா, அவளை விட்டுடாதே என்று சொன்னாளாம். அதுதான் கடைசி.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு உன் பேரைச் சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் அக்கா. "அத்தனை நாள் மலமூத்திரம் எடுத்தவ நான். எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? சுத்தி இருக்கிறவங்க எல்லாம் தைரியசாலிங்க. மனசைத் தேத்திக்கோன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

சிணுங்கி அழுதுகொண்டுதான் இருந்தாள். எழுந்து போகவில்லை. அந்த மூச்சுச் சத்தம், செருப்புச் சத்தம், அந்த ஒரு வரி எல்லாவற்றையும் முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டாள். வலித்தது. வலிக்க வலிக்க, அவள் காது வேறு ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலம் முழுக்க மற்றவர்களுக்காக நடந்தவளின் காது அது. ஏதோ ஓர் இடம் பொருந்தவில்லை என்று அது பிடிவாதமாகச் சொன்னது.

வாசலில் கிடக்கிற தன் செருப்பை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு நடந்த மாதிரி ஒரு தடவை நடக்கும்படி அக்காவைக் கேட்டாள். பைத்தியமா உனக்கு என்றாள் அக்கா. சிணுங்கி கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா திட்டிக்கொண்டே எழுந்து போனாள். கேட் திறந்தது. காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நடை வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் வந்தது.

"அக்கா, இது நீ" என்றாள் சிணுங்கி, கண்ணைத் திறக்காமல். "செருப்பை மாத்தலாம். தேய்க்கிறதைக் கத்துக்கலாம். உடம்போட கனத்தை மறைக்கிறது ரொம்பக் கஷ்டம். எனக்கே அது சில நாள் வராது. வாசல் கேட்டுலேயே தெரிஞ்சுபோச்சு, நீதான்னு."

அக்கா குனிந்து காலிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"தெருவுல போறவங்களையே நடையை வெச்சு சொல்ற அம்மாவுக்குத் தெரியாமப் போயிருக்குமா? தெரிஞ்சுதான் சொல்லியிருக்காங்க. உனக்கு யாரும் இல்ல, நீ எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கிறேன்னு உன் முகத்துக்கு நேரா சொன்னா, சண்டைக்கு வருவே. என் பேரை வெச்சு உன்கிட்டயே சொல்லிட்டாங்க. அந்த வார்த்தை உனக்குத்தான்க்கா. அவங்க பிடிச்ச கை கூட உன்னோடதுதானே."

அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அது முதலில் சாதாரணமாக வந்தது, அப்புறம் உடைந்து உடைந்து வந்தது. சிணுங்கி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதன் கூடவே இருந்தாள்.

"நிஜமா நான்னு தெரியுதா?" என்றாள் அக்கா. அவள் இவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டிருக்க முடியாது.

"தெரியுது."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். செருப்பைக் காலிலிருந்து கழற்றாமல் மறுபடியும் வெளியே போய், கேட்டைத் திறந்து, தங்கை இன்னொரு தடவை கேட்டுச் சொல்லட்டும் என்று அங்கிருந்து நடந்து வந்தாள்.